நிக்கோபாரில் வேரூன்றிய சபை, சென்டினலில் தடை: ஒரே கடலில் இரண்டு கதை ஏன்?

தென்காசி, சுரண்டை, பாவூர்சத்திரம் வட்டாரத்துச் சபைகளில் மிஷனரி காணிக்கை என்பது தாத்தா காலத்துப் பழக்கம். எங்கோ ஒரு மலையில், எங்கோ ஒரு தீவில் ஊழியம் செய்பவருக்காக இங்கே ஒரு பாட்டி சுருக்குப்பையில் இருந்து நோட்டை எடுத்துப் போடுவார். நல்ல மனசோடு போடுகிற காசு அது.

ஆனால் 2018 நவம்பரில் அந்தமான் பக்கம் வடக்கு சென்டினல் தீவில் ஒரு அமெரிக்க இளைஞர் கொல்லப்பட்ட பிறகு, ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. "தீவுகளில் இருக்கும் பழங்குடி மக்களிடம் போய் மதத்தைச் சொல்லலாமா, கூடாதா?" ஒரு தரப்பு அவரைத் தியாகி என்கிறது. இன்னொரு தரப்பு குற்றவாளி என்கிறது. அதே யூனியன் பிரதேசத்தில், கொஞ்சம் தெற்கே, பத்தில் ஏழு பேர் கிறிஸ்தவர்களாக வாழும் ஒரு மாவட்டமே இருக்கிறது. அங்கே சபை உருவானதில் ஒரு தமிழருக்குப் பெரிய பங்கு உண்டு என்பது பலருக்கும் தெரியாது.

இந்த இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

எந்தத் தீவுகளைப் பற்றிப் பேசுகிறோம்?

சென்னையில் இருந்து சுமார் 1,350 கி.மீ. தூரத்தில் இருப்பது அந்தமான் தலைநகர் போர்ட் பிளேர். 2024-ல் இதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என மாற்றப்பட்டது. இங்கிருந்து மேற்கே சுமார் 50 கி.மீ. போனால் வடக்கு சென்டினல். தெற்கே சுமார் 270 கி.மீ. போனால் கார் நிக்கோபார்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நிக்கோபார் மாவட்டத்தில் 36,842 பேர். அதில் சுமார் 71 சதவீதம் பேர் கிறிஸ்தவர்கள். அதே கணக்கெடுப்பில் சென்டினல் தீவு மக்களாகப் பதிவானது 15 பேர். இதுவும் யாரும் கரையில் இறங்கி எண்ணியது கிடையாது. தள்ளி நின்று, கண்ணில் பட்டவர்களை வைத்துப் போட்ட கணக்கு.

தமிழ்க் கரைக்கும் இந்தத் தீவுகளுக்கும் என்ன சம்பந்தம்?

நிறையவே இருக்கிறது. ராஜேந்திர சோழனின் தஞ்சைக் கல்வெட்டில் வரும் 'மாநக்கவாரம்' நிக்கோபார்தான் என்பது வரலாற்று ஆய்வாளர்களின் கருத்து.

ஒரு தீவுக்குப் போய் அறம் சொன்ன கதையும் தமிழுக்குப் புதுசு இல்லை. மணிமேகலையில் சாதுவன் என்ற வணிகன் வருகிறான். கப்பல் உடைந்து, நாகர்கள் வாழும் மலைக்கரையில் ஒதுங்குகிறான். அவனைக் கொன்று தின்ன வருகிறார்கள். அவன் அவர்களுடைய மொழியிலேயே பேசுகிறான். அதனால்தான் உயிர் தப்புகிறான். அவர்கள் தலைவனிடம் அழைத்துப் போகிறார்கள். அங்கே அவன் பேசுகிற பௌத்த அறத்தைத் தலைவன் கேட்கிறான், தன்னால் முடிந்த அளவுக்கு ஏற்றும் கொள்கிறான். மதம் பரப்பும் கதையாகவே இதைப் படிக்கலாம். இதில் முக்கியமான விஷயம் ஒன்றுதான்: சாதுவனுக்கு அவர்கள் மொழி முன்பே தெரிந்திருந்தது.

பிறகு ஐரோப்பியர் காலம். 1756-ல் டென்மார்க் நிக்கோபாரைத் தன்னுடையது என அறிவித்தது. அதை நடத்தியது நம்ம தரங்கம்பாடியில் இருந்து. 1768-ல் மொரேவியன் சபையைச் சேர்ந்த மிஷனரிகள் தரங்கம்பாடியில் இருந்து கிளம்பி நான்கௌரி தீவில் குடியேறினார்கள். ஏறக்குறைய 20 வருடம் முயற்சி செய்தார்கள். காய்ச்சல் ஒவ்வொருவராகக் கொண்டுபோனது. தீவிலும், திரும்பி வந்த பின் தரங்கம்பாடியிலுமாக 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மொழியைப் பிடிக்கவே ரொம்ப சிரமப்பட்டார்கள். சபை என்று சொல்ல எதுவும் உருவாகாமலே 1787-ல் அந்த முயற்சி கைவிடப்பட்டது.

அப்போ நிக்கோபாரில் சபை எப்படி வேர் பிடித்தது?

1869-ல் நிக்கோபார் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1890-களின் நடுவில் கார் நிக்கோபாரின் மூஸ் என்ற கிராமத்துக்கு ஒருவர் வந்து சேர்ந்தார். பெயர் வேதப்பன் சாலமோன். தமிழர். திருநெல்வேலிச் சீமைச் சபைகளில் இன்றும் புழங்கும் சொல்லில் சொன்னால், அவர் ஒரு 'உபதேசியார்'.

உபதேசியார் என்றால் குருப்பட்டம் பெற்ற பாதிரியார் கிடையாது. ஊரிலேயே தங்கி, பிள்ளைகளுக்குப் படிப்பு சொல்லிக்கொடுத்து, ஜெபம் நடத்தி, சண்டை சச்சரவைத் தீர்த்து வைப்பவர். தென்காசி, நெல்லைப் பகுதியில் சபைகள் பரவியதே இவர்களால்தான். வெள்ளைக்கார மிஷனரி பெயர் கல்வெட்டில் இருக்கும். ஊர் ஊராக நடந்தது உபதேசியார்.

சாலமோன் வெறும் ஊழியராக மட்டும் அங்கே போகவில்லை. அரசாங்க ஏஜெண்டாகவும் இருந்தார். வந்து போகும் வியாபாரக் கப்பல்களைக் கவனிப்பது, பள்ளிக்கூடம் நடத்துவது, தீவில் நடப்பதை எல்லாம் நாட்குறிப்பில் எழுதுவது என எல்லா வேலையும் அவர் தலையில்தான். அந்த நாட்குறிப்பின் பகுதிகள் அரசு வெளியீடுகளில் அச்சாகி, நிக்கோபார் மக்களின் அன்றாட வாழ்க்கை பற்றிய ஆரம்பகால ஆவணமாக இன்றும் பயன்படுகின்றன.

அரசாங்க ஆள் என்பதால் அவருக்கு ஒரு பாதுகாப்பும் அதிகாரமும் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. இது காலனி ஆட்சியின் நிழலில் நடந்த ஊழியம்தான். ஆனாலும் பத்து வருடத்துக்கு மேல் அவர் அங்கேயே வாழ்ந்தார். அத்தனை வருடத்தில் அவர் சேர்த்த கிறிஸ்தவர்களின் எண்ணிக்கை ரொம்பக் குறைவு. அவர் விட்டுப்போனது ஒரு பள்ளிக்கூடமும், அதில் படித்த சில பையன்களும்.

ஹா செவ் கா யார்?

அந்தப் பையன்களில் ஒருவர் ஹா செவ் கா. பின்னாளில் ஜான் ரிச்சர்ட்சன் என்று அறியப்பட்டவர். மூஸ் கிராமத்தில் பிறந்தவர். மேல்படிப்புக்காக அன்றைய பர்மாவின் மாண்டலேவுக்கு அனுப்பப்பட்டார். 1912-ல் சொந்தத் தீவுக்கு ஆசிரியராகத் திரும்பி வந்தார்.

கதை உண்மையில் இங்கேதான் திரும்புகிறது. இனிமேல் வெளியாள் யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. சொல்பவர் அதே கிராமத்துக்காரர், அதே மொழிக்காரர். பள்ளிக்கூடத்தோடு கால்பந்தையும் அவர் தீவில் பிரபலமாக்கினார். தன் தாய்மொழியில் பைபிளை மொழிபெயர்த்தார். புதிய ஏற்பாடு 1950-ல் வெளியானது.

ஆனாலும் மக்கள் மொத்தமாகச் சபைக்கு வந்தது அதற்கெல்லாம் பிறகுதான். இரண்டாம் உலகப் போரில், 1942-ல் ஜப்பான் ராணுவம் அந்தமானையும் நிக்கோபாரையும் பிடித்தது. உளவாளிகள் என்ற சந்தேகத்தில் ஏராளமான நிக்கோபாரியர்கள் சித்திரவதைக்கு உள்ளானார்கள். ரிச்சர்ட்சனின் மகனும் கொல்லப்பட்டார். ரிச்சர்ட்சனுக்கே மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்த நிலையில், 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. அவர் தப்பினார்.

போருக்கு முன்பு சில நூறு பேராக இருந்த கிறிஸ்தவர்கள், போர் முடிந்த சில வருடங்களில் கார் நிக்கோபாரில் பெரும்பான்மை ஆனார்கள். தங்களோடு அடி வாங்கிய, தங்களுக்காக நின்ற மனிதரை மக்கள் நம்பினார்கள். 1950-ல் ரிச்சர்ட்சன் பேராயர் ஆனார். 1952-ல் முதல் மக்களவைக்கு அந்தமான் நிக்கோபார் தீவுகளின் சார்பில் குடியரசுத் தலைவரால் நியமிக்கப்பட்டார். 1965-ல் பத்மஸ்ரீ, 1975-ல் பத்மபூஷண். 1978-ல் மறைந்தார்.

மொரேவியன்கள் நான்கௌரிக்கு வந்ததில் இருந்து கணக்குப் போட்டால், இந்த இடத்துக்கு வர 180 வருடம் ஆகியிருக்கிறது.

பழைய வாழ்க்கை மொத்தமும் அழிந்துவிட்டதா?

மாறியது நிறைய. பேயோட்டும் சடங்குகள், மந்திரவாதிகளின் செல்வாக்கு எல்லாம் குறைந்தன. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்ற முடிவைப் பெரும்பாலும் தீவுக்காரர்களே எடுத்ததால், சில விஷயங்கள் தொடர்ந்தன. 'துஹெத்' என்ற கூட்டுக் குடும்ப முறை இன்னும் இருக்கிறது. நிலமும் தென்னையும் அந்தக் குடும்பத்துக்குப் பொது. பன்றித் திருவிழாவும் தொடர்கிறது.

2004 டிசம்பர் 26 சுனாமி கார் நிக்கோபாரைச் சின்னாபின்னமாக்கியது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அது. கடற்கரையோரக் கிராமங்கள் அப்படியே போயின. மீண்டும் எழுந்து நிற்பதற்கு அந்தத் துஹெத் அமைப்பும் சபையும் சேர்ந்தே கைகொடுத்தன.

சரி, சென்டினலில் 2018-ல் என்ன நடந்தது?

ஜான் ஆலன் சாவ், வயது 26. அமெரிக்கர். சென்டினல் மக்களிடம் இயேசுவைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று பல வருடம் தன்னைத் தயார் செய்துகொண்டவர். மீனவர்களுக்குச் சுமார் 25,000 ரூபாய் கொடுத்து, 2018 நவம்பர் நடுவில் இரவோடு இரவாகத் தீவுக்குப் பக்கத்தில் போனார். முதல் முயற்சியில் அம்பு பாய்ந்தது, தப்பினார். மறுபடியும் போனார். நவம்பர் 17 அன்று அவருடைய உடலைக் கரையில் புதைப்பதை மீனவர்கள் தூரத்தில் இருந்து பார்த்தார்கள். உடல் இன்று வரை மீட்கப்படவில்லை.

தான் இறந்தால் அந்த மக்கள் மீது கோபப்பட வேண்டாம் என்று குடும்பத்துக்கு அவர் எழுதி வைத்திருந்தார். அவருடைய நம்பிக்கையில் பொய் இருந்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் அவருக்கு அந்த மக்களின் மொழி தெரியாது. வெளியுலகில் யாருக்குமே தெரியாது. கைதாகி வழக்கைச் சந்தித்ததும் அவரைக் கூட்டிப்போன உள்ளூர் ஆட்கள்தான்.

அந்தத் தீவுக்கு ஏன் யாருமே போகக் கூடாது?

அம்பு எய்வார்கள் என்பது இரண்டாவது காரணம். முதல் காரணம் நோய்.

நமக்குச் சாதாரணமான சளி, காய்ச்சல், தட்டம்மை எல்லாம், அவற்றைச் சந்தித்தே இராத உடம்புக்கு உயிர்க்கொல்லி. ஒருவருக்குத் தொற்றினால் சில வாரத்தில் ஊரே காலியாகலாம். இது கற்பனை பயம் கிடையாது, பக்கத்துத் தீவுகளில் நடந்தது.

கிரேட் அந்தமானியர்கள் 19-ம் நூற்றாண்டின் நடுவில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். ஆங்கிலேயர்கள் அவர்களைப் 'பழக்க' ஆரம்பித்தார்கள். 1863-ல் ஹென்றி கோர்பின் என்ற பாதிரியாரின் பொறுப்பில் 'அந்தமான் இல்லம்' என்று ஒன்று நடந்தது. சோறு, துணி, ஆங்கிலம், கிறிஸ்தவ ஒழுக்கம் எல்லாம் அங்கே கிடைத்தன. கூடவே நோயும் கிடைத்தது. 1877-ல் தட்டம்மை கொத்துக்கொத்தாகக் கொன்றது. 1961 கணக்கெடுப்பில் மிஞ்சியிருந்த கிரேட் அந்தமானியர்கள் 19 பேர்.

சென்டினல் மக்களுக்கும் ஒரு அனுபவம் உண்டு. 1880-ல் எம்.வி. போர்ட்மேன் என்ற ஆங்கிலேய அதிகாரி ஒரு வயதான தம்பதியையும் நான்கு குழந்தைகளையும் பிடித்துப் போர்ட் பிளேருக்குக் கொண்டுபோனார். பெரியவர்கள் இருவரும் நோய்வாய்ப்பட்டு இறந்தார்கள். குழந்தைகளைப் பரிசுப் பொருட்களோடு திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள். வெளியாட்களைக் கண்டால் அவர்கள் அம்பைத் தூக்குவதை இந்த நினைவோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு.

ஒரு கட்டத்தில் நிலைமை இளகியது. 1991 ஜனவரியில் மானுடவியலாளர் மதுமாலா சட்டோபாத்யாய் இடம்பெற்ற குழு கொடுத்த தேங்காய்களை, அவர்கள் தண்ணீரில் இறங்கி வந்து வாங்கிக்கொண்டார்கள். அதன் பிறகும் நோய் ஆபத்தை நினைத்து, 1990-களின் நடுவில் அரசே அந்தப் பயணங்களை நிறுத்திவிட்டது. கைக்கு எட்டிய பிறகும் வேண்டாம் என்று விட்ட முடிவு அது.

சட்டம் என்ன சொல்கிறது? மதச் சுதந்திரம் இல்லையா?

முதலில் 1956-ம் ஆண்டின் அந்தமான் நிக்கோபார் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டம். இதன்படி பழங்குடிகளுக்கு ஒதுக்கப்பட்ட பகுதிக்குள் அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழைவது குற்றம். 2012 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை கடுமையானது. சென்டினலைச் சுற்றியுள்ள கடலுக்கும் தடை உண்டு. கார் நிக்கோபாருக்குப் போக வேண்டும் என்றால் தமிழ்நாட்டுக்காரரும் அனுமதிச் சீட்டு வாங்கித்தான் போக வேண்டும்.

2018-ல் வெளிநாட்டினருக்கான கட்டுப்பாட்டை மத்திய அரசு 29 தீவுகளுக்குத் தளர்த்தியது. பட்டியலில் வடக்கு சென்டினலும் இருந்தது. அதனால் குழப்பம் வந்தது. ஆனால் 1956 சட்டம் அப்போதும் அமலில்தான் இருந்தது. 2025 மார்ச்சில் இன்னொரு அமெரிக்க இளைஞர் படகில் அந்தத் தீவுக்குப் போய், தேங்காயும் குளிர்பான கேனும் வைத்துவிட்டு வந்தபோது கைதானதும் இதே சட்டத்தால்தான். அவருக்கும் மதத்துக்கும் சம்பந்தம் இல்லை. சாகசம் தேடிப் போனாலும் சாமி பெயரால் போனாலும் சட்டத்துக்கு ஒன்றுதான்.

அடுத்தது அரசியலமைப்பு. 25-வது பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் எல்லோருக்கும் உரிமை தருகிறது. ஆனால் பொது ஒழுங்கு, நன்னெறி, சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டே அந்த உரிமை. சென்டினல் விஷயத்தில் 'சுகாதாரம்' என்ற அந்த ஒரு சொல்லுக்கு எவ்வளவு கனம் என்று யோசித்துப் பாருங்கள். 19-வது பிரிவு நாட்டில் எங்கும் போய்வரும் உரிமையைத் தருகிறது. அதிலேயே, பழங்குடியினரின் நலனுக்காக அதைக் கட்டுப்படுத்தலாம் என்றும் இருக்கிறது. 1977-ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், மதத்தைப் பரப்பும் உரிமை என்பது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று தீர்ப்பளித்தது.

நிக்கோபாரில் சரி, சென்டினலில் தப்பு என்பது முரண் இல்லையா?

இரண்டு இடங்களின் நிலைமையும் வேறு. நிக்கோபார் பல நூற்றாண்டுகளாகக் கப்பல் பாதையில் இருந்தது. பர்மாக்காரர், சீனர், மலாய்க்காரர், தமிழர் என எல்லோரும் தேங்காய் வாங்க வந்து போனார்கள். வெளியாட்களையும் அவர்கள் கொண்டுவந்த நோய்களையும் அந்த மக்கள் முன்பே பார்த்திருந்தார்கள். பேரம் பேசத் தெரியும். பிடிக்காததை மறுக்கவும் தெரியும். மொரேவியன்களை 20 வருடம் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று சொன்னவர்கள்தானே அவர்கள்? பிறகு தங்கள் ஊர்க்காரர் சொன்னபோது சரி என்றதும் அவர்கள்தான்.

சென்டினல் மக்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. என்ன சொல்ல வந்திருக்கிறார் என்று கேட்டு, யோசித்து, பதில் சொல்வதற்குள் நோய் முந்திவிடும். கரையில் நின்று அம்பு காட்டுவதுதான் அவர்களால் தர முடிந்த பதில். அந்தப் பதிலை அவர்கள் தெளிவாகவே தந்திருக்கிறார்கள்.

தென்காசி வாசகருக்கு இதில் என்ன இருக்கிறது?

வெளியூர் ஊழியத்தை அமைப்பு ரீதியாகத் தொடங்கிய மண் இது. 1903 பிப்ரவரி 12-ல் பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் தொடங்கப்பட்டது. தென்காசி அப்போது திருநெல்வேலியோடு சேர்ந்த ஊர். தனி மாவட்டம் ஆனதே 2019-ல்தான். வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியா அந்தச் சங்கத்தின் முன்னோடி. இந்தியர்களே, இந்தியப் பணத்தில், இந்தியர்களிடம் போக வேண்டும் என்பது கொள்கை. நிஜாம் ராஜ்ஜியத்தின் தோர்ணக்கல் பகுதியைத் தேர்ந்தெடுத்தார்கள். அசரியாவும் அங்கேயே போய்க் குடியேறி, தெலுங்கு கற்று, மக்களோடு வாழ்ந்தார். 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார்.

அசரியா, சாலமோன், ரிச்சர்ட்சன் என மூன்று பேரிடமும் பொதுவாக இருப்பது மொழி, பொறுமை, கூடவே வாழ்ந்தது. இருட்டில் படகில் போய்க் கரையில் குதித்த கதை மூன்றிலும் கிடையாது.

எனவே அடுத்த முறை 'யாரும் எட்டாத மக்களிடம் போகிறோம்' என்று ஒரு அமைப்பு உங்கள் சபையில் வந்து காணிக்கை கேட்டால், தாராளமாகச் சில கேள்விகளைக் கேட்கலாம். அங்கே போக அரசு அனுமதி இருக்கிறதா? போகிறவருக்கு அந்த மொழி தெரியுமா? எத்தனை வருடம் தங்குவார்? அந்த மக்கள் வேண்டாம் என்று சொல்ல வழி இருக்கிறதா? சொன்னால் இவர்கள் திரும்பி வந்துவிடுவார்களா? ஏதாவது தப்பாகப் போனால், படகு ஓட்டிய உள்ளூர்க்காரர் கதி என்ன?

நல்ல ஊழியம் செய்கிற அமைப்புக்கு இந்தக் கேள்விகளால் எந்தக் கஷ்டமும் இல்லை. பதில் சொல்லத் தயங்கினால், அந்தக் காணிக்கையை ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கோ பக்கத்து ஆஸ்பத்திரிக்கோ கொடுத்துவிடலாம்.